அணை மூடியதும் பனி, அணை திறக்கும் முன் மலை: டெல்டாக்காரர்களுக்கு ஒரு மணாலி வழிகாட்டி

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கும், ஜனவரி 28-ல் மூடும். தண்ணீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகலாம். ஆனாலும் காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்கள் கல்யாணம் முதல் கடன் தவணை வரை எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு தேதிகளை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். இமயமலைப் பயணத்துக்கும் இதே கணக்குப் பொருந்துகிறது என்பதை மூன்று முறை போய்வந்த பிறகுதான் கவனித்தேன்.

சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு நாம் நிமிரும் பிப்ரவரியில் மலையில் பனி நன்றாகப் படிந்திருக்கும். நாற்றங்கால் வேலை தொடங்கும் முன் கை சற்று ஓய்ந்திருக்கும் மே மாதத்தில் அங்கே பனி உருகி, நடக்கவும் பறக்கவும் ஆற்றில் படகு விடவும் வழி திறந்திருக்கும். நாம் குறுவையில் மூழ்கியிருக்கும் ஜூலை, ஆகஸ்டில் மலையில் மழை கொட்டும். 2023 ஜூலையில் பியாஸ் ஆற்று வெள்ளம் மணாலிச் சாலையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. ஹிமாச்சலில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை ஆற்றுப் படகுக்கும் பாராகிளைடிங்குக்கும் தடை இருக்கிறது. ஆகவே நமக்கு ஓய்வு கிடைக்கும் இரண்டு பருவங்களும் மலைக்குப் போக ஏற்ற பருவங்களே. ஒன்றில் பனிச்சறுக்கு, மற்றொன்றில் கோடை விளையாட்டு. இரண்டையும் ஒரே பயணத்தில் திணிக்க வேண்டாம்.

முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவில் புதிதாகச் சறுக்கப் பழகுகிறவர்களுக்கு மூன்று இடங்கள் உண்டு: காஷ்மீரில் குல்மார்க், உத்தராகண்டில் அவுலி, ஹிமாச்சலில் மணாலியை அடுத்த சோலங்.

பனியின் தரத்தில் குல்மார்க்கை மிஞ்ச ஆளில்லை. கொண்டோலா என்னும் ரோப்கார் இரண்டு கட்டமாக ஏறி அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். ஆனால் அந்த உச்சிச் சரிவு பனிச்சரிவு அபாயம் உள்ள, நன்றாகப் பழகியவர்களுக்கான இடம். புதியவர்கள் கீழேயுள்ள மிதமான சரிவுகளோடு நிற்க வேண்டும். அங்கே போவதென்றால் இரண்டு விஷயங்கள். புறப்படும் முன் அரசின் பயண ஆலோசனையைப் பாருங்கள். வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எண் ஒன்றாவது குடும்பத்தில் இருக்கட்டும்.

அவுலியின் சரிவுகளும் நல்லவை. ஆனால் 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரத்தின் தரை உள்வாங்கி வீடுகளில் விரிசல் விழுந்தபோது, அங்கிருந்து அவுலிக்குப் போய்க்கொண்டிருந்த ரோப்கார் நிறுத்தப்பட்டது. அதன்பின் சாலைதான் வழி.

முதல்முறை போகிற டெல்டாக் குடும்பத்துக்கு நான் சொல்வது மணாலி. சோலங்கின் பயிற்சிச் சரிவு சிறியது, நீண்ட ஓட்டம் கிடைக்காது. இருந்தும் பெரியவர்கள் ஊரிலேயே தங்கி இளைப்பாறலாம், மருத்துவமனையும் கடைத்தெருவும் பக்கத்தில் இருக்கின்றன, அதே ஊருக்கு மே மாதத்திலும் போகலாம்.

தேதியும் டிக்கெட்டும்

பனிக்கு ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம் வரை. டிசம்பர் விடுமுறையில் போனால் சோலங்கில் புல்தரையும் சேறும் மட்டும் இருக்கவும் வாய்ப்புண்டு. பிப்ரவரியிலும் பனி உத்தரவாதமில்லை. அதனால் நிகழ்ச்சி நிரலில் இரண்டு நாட்களைக் காலியாக வைத்திருங்கள். என் முதல் பயணத்தில் மணாலிக்கு மூன்று நாட்கள்தான் ஒதுக்கியிருந்தேன். முதல் நாள் அலுப்பு, இரண்டாம் நாள் பனி கொட்டி சோலங் சாலை அடைத்தது, மூன்றாம் நாள் அரைமணி நேரம் சறுக்குப் பலகையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். நான்கு நாள் சறுக்கினால்தான் உடம்புக்கு ஏதாவது பிடிபடும்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. பிப்ரவரி 5 ரயிலுக்கு டிசம்பர் 7-ம் தேதி காலையில் உட்கார வேண்டும். திருச்சி வழியாக டெல்லி நிஜாமுதீன் போகும் ரயில்கள் வாரத்தில் சில நாட்களே ஓடுகின்றன. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடிக்காரர்களுக்கு இரவு ரயிலில் எழும்பூர் போய், பகலைச் சென்னையில் கழித்து, இரவு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுவது எளிது. மூன்றாம் நாள் காலை புதுடெல்லி. அன்று மாலையே கஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் மணாலி பஸ் பிடித்துவிடாதீர்கள். ஓர் இரவு டெல்லியில் படுத்து எழுந்து, மறுநாள் மாலை ஏறுங்கள். விமானத்தில் போகிறவர்களுக்கும் டெல்லியோ சண்டிகரோ வரைதான் நிச்சயம். குல்லு அருகே புந்தரில் ஒரு சிறு விமான நிலையம் இருக்கிறது, ஆனால் வானிலை சற்றுக் கெட்டாலும் விமானம் ரத்தாகும்.

ஆக ரயிலில் போனால் பதின்மூன்று, பதினான்கு நாட்கள், விமானத்தில் எட்டு, ஒன்பது நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டியைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். நேர்க்கோடாய் ஓடும் நம் ஆற்றங்கரைச் சாலைகளில் பழகிய வயிறு இதற்குத் தயாராக இருக்காது. இரவுச் சாப்பாட்டை இட்லி அளவுக்குக் குறைத்து, ஒரு துண்டு இஞ்சியோ உப்பிட்ட நார்த்தங்காயோ வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸின் முன்பாதியில் இருக்கை கேளுங்கள்.

உடம்பைத் தயார் செய்வது

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதிக அக்கறையும் இதில்தான். கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர்கூட இல்லை. மணாலி 2,050 மீட்டர். பெரிய கோயில் விமானத்தை முப்பது முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம் அது. சோலங் அதற்கும் மேலே. நமக்குச் சரிவு என்பதே வாழ்க்கையில் கிடையாது. ஆற்றுப் படுகைக்கு இறங்குவதுதான் நம் அதிகபட்ச இறக்கம்.

எனவே புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பிருந்து படி ஏறுங்கள். சுவாமிமலையில் அறுபது தமிழ் ஆண்டுகளுக்கு அறுபது படிகள் இருக்கின்றன. நாங்கள் வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் அதை ஏறி இறங்கினோம், முதல் வாரம் ஐந்து முறை, பிறகு பத்து முறை. மாதம் ஒருமுறை திருச்சி மலைக்கோட்டை. ஏறுவதைவிட இறங்குவதை மெதுவாகச் செய்யுங்கள், சறுக்கும்போது வலிக்கப்போவது இறங்கும்போது இறுகும் அதே தொடைத் தசைதான். வீட்டில், சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இருப்பதுபோல் முழங்காலை மடக்கி ஒரு நிமிடம் இருந்து பழகுங்கள். மூன்று நிமிடம் தாங்கினால் போதும், போகலாம்.

இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். இளைஞர், முதியவர் பேதம் அதற்கு இல்லை. மணாலி போய்ச் சேர்ந்த முதல் நாள் ஊரைவிட்டு நகராதீர்கள். தேவதாரு காட்டுக்குள் 1553-ல் கட்டப்பட்ட இடும்பி கோயில் மரவேலையோடு நிற்கிறது. பீமன் மணந்த இடும்பிதான். மெதுவாக நடந்து பார்த்துவிட்டு வந்து, வெந்நீர் நிறையக் குடித்துப் படுங்கள். தலைவலி மோசமானால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போவது தவறு, கீழே இறங்குவதுதான் மருந்து.

துணிமணி

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் நெற்கதிரில் நிற்கும் துளி. காதில் மப்ளரைச் சுற்றினால் அந்தக் குளிர் தீர்ந்தது. பிப்ரவரி மணாலியின் இரவு பூஜ்யத்துக்குக் கீழே. தடியான ஸ்வெட்டர் ஒன்று இதற்குப் போதாது. மூன்று அடுக்காக உடுத்த வேண்டும். உடம்பை ஒட்டி தெர்மல், அதன்மேல் கம்பளியோ ஃபிளீஸோ, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியன் மட்டும் வேண்டவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்ற மறுநிமிடம் நெஞ்சில் ஈரத்துணி போட்டதுபோல் நடுக்கும்.

மணாலியிலிருந்து சோலங் போகும் வழியெங்கும் பனி உடையும் பூட்ஸும் வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. மேலாடையை அங்கே எடுக்கலாம். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்து வாங்குங்கள். கையுறை, காலுறை, தெர்மல், கறுப்புக் கண்ணாடி நான்கும் சொந்தமாக இருக்கட்டும். புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நின்றால் இரவு கண்ணில் மணல் போட்டதுபோல் எரியும். மோவாயின் அடிப்பக்கத்துக்கும் மூக்கின் கீழும்கூட சன்ஸ்கிரீன் தடவுங்கள், வெயில் அங்கே கீழிருந்து வருகிறது.

தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும், நல்லெண்ணெய் கொண்டு போங்கள். கைபேசியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்தால்தான் பேட்டரி நிற்கும்.

சறுக்கும் நாட்கள்

சாலையோரம் இறங்கியதும் பலகைகளை நீட்டிக்கொண்டு பலர் சூழ்வார்கள். அவர்களிடமும் நல்ல பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், ஆனால் அரைமணி வாடகையில் யாருக்கும் கற்றுத்தர நேரமில்லை. முந்தைய நாளே தங்குமிடத்தில் விசாரித்து, நான்கு நாளுக்கு ஒரே பயிற்றுநரைப் பேசி முடியுங்கள். எத்தனை மணி நேரம், பலகை, பூட்ஸ், ஹெல்மெட் சேர்த்தா, பனி இல்லாவிட்டால் என்ன என்பதையெல்லாம் கைபேசியில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டலில் ஒரு படி இறங்கித் தங்கினாலும் பரவாயில்லை, பயிற்றுநருக்கான பணத்தில் சிக்கனம் வேண்டாம். இரண்டு வாரம் ஒதுக்க முடிகிற இளைஞர்களுக்கு மணாலியில் 1961-ல் தொடங்கிய மலையேற்ற நிறுவனம், இப்போது அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் இருப்பது, குளிர்காலத்தில் முறையான பனிச்சறுக்கு வகுப்பு நடத்துகிறது. அதில் சேர முடிந்தால் இந்தக் கட்டுரையில் சறுக்குவதைப் பற்றி எழுதியிருப்பதை மறந்துவிட்டு அங்கே போங்கள்.

பூட்ஸ் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே ஒரு ஜோடி மெல்லிய கம்பளிக் காலுறை போடுங்கள். இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் நெரிந்து கால் இன்னும் குளிரும். நேராக நின்றால் விரல்நுனி பூட்ஸின் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் தூக்கக் கூடாது. பக்கிள் எல்லாம் பூட்டுகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். எனக்கு ஒரு கடையில் மேல் பக்கிள் உடைந்த பூட்ஸைக் கொடுத்துவிட்டார்கள், அவசரத்தில் நானும் கவனிக்கவில்லை. கணுக்கால் உள்ளே ஆடி, மாலைக்குள் தோல் உரிந்தது, ஒரு நாள் வீணானது. பலகையையும் பூட்ஸையும் இணைக்கும் பிடியை உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி திருகச் சொல்லுங்கள். விழும்போது பலகை தானாகக் கழன்றால்தான் முழங்கால் தப்பும்.

முதல் நாள் சமதளத்தில் ஒற்றைப் பலகையோடு நடப்பதும், பக்கவாட்டில் அடியடியாக மேடேறுவதும், விழுந்து எழுவதும்தான் பாடம். விழுவதென்றால் பக்கவாட்டில், சரிவின் மேல்பக்கமாக விழுங்கள். எழும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே, உங்களுக்குக் கீழ்ப்பக்கமாக வைத்துக்கொண்டால்தான் எழ முடியும். இரண்டாம் நாள் பிரேக். பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்நுனிகளை அகட்டித் தள்ளினால் வேகம் அடங்கும். இது கைவராமல் மேலே ஏறாதீர்கள். மூன்றாம் நாள் ஒரு காலில் எடையை மாற்றித் திரும்பப் பழகுவீர்கள்.

பயம் வந்தால் எல்லோரும் பின்னால் சாய்வார்கள். அதுதான் கேடு. எடை குதிகாலுக்குப் போனால் பலகை நம் பேச்சைக் கேட்காது. முழங்கால் மடங்கி, கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எங்களோடு வந்த என் அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சிறுவயதிலிருந்து நடவுக்கு நாற்றுக்கட்டு சுமந்தவள். பயிற்றுநர் இந்தியில் சொன்னதை நான் மொழிபெயர்க்கத் தொடங்கும் முன்பே, "ஈர வரப்பில் நாற்றுக்கட்டோடு நடக்கிற மாதிரிதானே தம்பி?" என்று கேட்டாள். முழங்காலைத் தளர்த்தி, எடையை முன்பாதத்தில் வைத்து, பார்வையைப் பத்தடி தள்ளி நிறுத்தி இறங்கினாள். சரிவின் கடைசி வரை விழவில்லை. அப்பா மாட்டைப் பூட்டிப் பரம்பின் மேல் நின்று சேற்றைச் சமன்செய்யும்போது அவர் முழங்கால் எப்படி நெகிழ்ந்து நெகிழ்ந்து நிமிரும் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதன்பிறகு எனக்கும் சீக்கிரம் பிடிபட்டது. வயல் தெரிந்தவர்கள் அந்த நினைவைக் காலில் ஏற்றிக்கொண்டு சரிவில் நில்லுங்கள்.

மதியம் மூன்று மணியானால் இறங்கிவிடுங்கள். கால் தளர்ந்த பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று ஏறும்போதுதான் முழங்கால் திருகும். காப்பீடு எடுக்கிறவர்கள் சாகச விளையாட்டு அதில் அடங்குமா என்று வாசித்துப் பாருங்கள், சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் அதை விலக்கி வைத்திருக்கும். பனி விழுந்த மறுநாள் சோலங் பக்கம் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் 4x4 வண்டிகளை மட்டும்தான் போலீஸார் விடுவார்கள். காரில் வந்தவர்கள் அதற்கு மல்லுக்கு நிற்காமல் உள்ளூர் வண்டி பிடிப்பது நல்லது.

சாப்பாடு

மணாலி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதம் விறைப்பாக இருந்தால் சமைத்தவரைக் குறைசொல்லாதீர்கள், குக்கரில் வைத்த சாதம் கேளுங்கள். ராஜ்மா சாதம் நம் நாக்குக்கு ஒத்துவரும். சித்து என்று ஒன்று கிடைக்கும், புளித்த கோதுமை மாவுக்குள் வால்நட்டோ கசகசாவோ வைத்து ஆவியில் வேகவைத்து நெய்யோடு தருவார்கள். கொழுக்கட்டையில் வளர்ந்த எவருக்கும் அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பருப்புப் பொடியும் வத்தக்குழம்புத் தொக்கும் பையில் இருந்தால் பெரியவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

மே மாதத்தில் போகிறவர்களுக்கு

கோடையில் மணாலியில் கூட்டம் நெரியும், தங்குமிடத்தை இரண்டு மாதம் முன்பே பிடியுங்கள். வசிஷ்ட் கிராமத்தின் வெந்நீர் ஊற்றில் குளித்து, அங்கிருந்து ஜோகினி அருவிக்கு நடப்பது முதல் நாளுக்கு ஏற்ற நடை. 3,978 மீட்டர் உயர ரோத்தங் கணவாய்க்கு வண்டி அனுமதியை இணையத்தில் எடுக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை அந்தச் சாலை பராமரிப்புக்காக மூடியிருக்கும். கணவாய்க்குப் போக உடம்பு ஒப்பாதவர்கள் 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியே லாஹுல் பக்கம் சிசு வரை போய்த் திரும்பலாம். ஹம்ப்தா கணவாய் போன்ற பலநாள் மலைநடைகளை இரண்டாவது கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சோலங்கில் பாராகிளைடிங் செய்யும் முன் விமானி சுற்றுலாத் துறையில் பதிவு செய்தவரா என்று அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவரோடு பறக்காதீர்கள். தொடைப்பட்டை, மார்புப்பட்டை இரண்டையும் உங்கள் கையால் இழுத்துப் பாருங்கள்.

குல்லு அருகே பிர்தியிலிருந்து பியாஸில் ராஃப்டிங் போகலாம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொள்ளிடத்திலும் காவிரியிலும் நீந்தி வளர்ந்த பையன்கள்தான் அங்கே லைஃப் ஜாக்கெட்டின் வாரைத் தளர்த்திக்கொள்கிறார்கள். நம் ஆறு மணலில் ஓடுகிறது, வெதுவெதுப்பாக இருக்கிறது. பியாஸ் அன்று காலை உருகிய பனி, பாறைக்கு நடுவே ஓடுகிறது. அந்தக் குளிரில் விழுந்த நொடியில் மூச்சு நின்று வாங்கும், கை நீச்சலை மறந்துவிடும். விழுந்தால் எதிர்த்து நீந்தக் கூடாது. மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதந்தபடி, கயிறு வரும்வரை காத்திருக்க வேண்டும். தரையில் எழுந்து நிற்க முயலக் கூடாது, பாறை இடுக்கில் பாதம் சிக்கும்.

ஐரோப்பாவுக்குப் போக வாய்ப்புள்ளவர்கள்

சுவிட்சர்லாந்திலோ பிரான்ஸிலோ உறவினர் இருக்கும் குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. அங்கே சறுக்குப் பாதைகளுக்கு நிறம் இருக்கிறது. நீலம் எளிது, சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை. தங்குமிடங்கள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை, குழு வகுப்புகள் வார நாட்களில். பிப்ரவரி பள்ளி விடுமுறையைத் தவிர்த்து மார்ச்சுக்குப் போனால் கூட்டமும் செலவும் குறையும். இந்த நாடுகளுக்குப் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதிலும் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். கோடையில் அதே ரோப்கார்கள் நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் மேலேற்றும், முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு அது பெரிய வரம்.

ஊர் திரும்பியதும் பையைப் பிரிக்காமல் பரணில் போட்டுவிடாதீர்கள். கையுறையின் உள்துணியை வெளியே இழுத்து, கம்பளியை உதறி, களத்து மேட்டில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். மாசி வெயில் போதும். பிறகு வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் வைத்து மடித்து, பெட்டியின் மேல் அடுத்த டிசம்பரில் முன்பதிவுக்கு உட்கார வேண்டிய தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.